பிரிவு 37: போர்க்காலத்தில் எழுதிய ஒரு வரி

போன எபிசோட் வெளியானதும் ஒரு நேயர் எழுதிக் கேட்டிருந்தார். "கொலை வழக்குல உள்ள போனவர் மூணு மாசத்துல ஜாமீன்ல வந்துடறார். எங்க ஏரியாப் பையன் கஞ்சா வழக்குல ரெண்டு வருஷமா உள்ளயே இருக்கான், விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இது எப்படி ப்ரோ?"

நான் வக்கீல் இல்ல. பகல்ல கோட் எழுதறவன், ராத்திரியில தீர்ப்புகள் படிக்கிறவன். அதனால இந்த எபிசோடைச் சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு வழக்கு இருந்தா, ஒரு நல்ல கிரிமினல் வக்கீலைப் பாருங்க. கையில காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க. நான் சொல்லப்போறது வரலாறு மட்டும்தான். இந்தியச் சட்டத்துல ஒரு வரி எங்க பிறந்தது, எப்படி இடம் மாறினது, யார் யாரை உள்ள வச்சதுங்கிற வரலாறு.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 2021 அக்டோபர், மும்பையில ஒரு சொகுசுக் கப்பல், போதைப்பொருள் தடுப்புப் பிரிவோட சோதனை. ஷாருக் கானோட மகன் கைதானார். அவர்கிட்டயிருந்து எதையும் கைப்பற்றினதா வழக்கே சொல்லல. கூட வந்த நண்பர்கிட்ட கொஞ்சம் சரஸ் இருந்தது, வாட்ஸ்அப் உரையாடல் இருந்தது, எல்லாருக்கும் நடுவுல ஒரு சதி இருந்ததுங்கிறதுதான் வாதம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஜாமீன் தரல. சிறப்பு நீதிமன்றமும் தரல. அக்டோபர் 28ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம்தான் தந்தது. அடுத்த வருஷம் மே மாசம் தாக்கலான குற்றப்பத்திரிகையில அவர் பேரே இல்ல.

நாட்டோட முன்னாள் அட்டர்னி ஜெனரல் வந்து வாதாடின ஒருத்தருக்கே கிட்டத்தட்ட நாலு வாரம். இப்போ அந்த நேயர் சொன்ன ஏரியாப் பையனை நினைச்சுப் பாருங்க.

அந்த வழக்குல நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பப் பேசின ஒரு எண் உண்டு: 37. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. இங்கிலீஷ் எழுத்துகள்ல சுருக்கி என்டிபிஎஸ்னு சொல்வாங்க. அதோட 37ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னு என் வார்த்தையில சொல்றேன். குறிப்பிட்ட சில பெரிய குற்றங்கள்ல, முதல்ல அரசு வழக்கறிஞருக்கு ஜாமீனை எதிர்க்க வாய்ப்புக் குடுக்கணும். அவர் எதிர்த்தார்னா, நீதிபதி ரெண்டு விஷயத்துல திருப்தி அடைஞ்சாதான் ஜாமீன் தர முடியும். ஒண்ணு, இந்த ஆள் குற்றவாளி இல்லன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கணும். ரெண்டு, ஜாமீன்ல வெளிய இருக்கும்போது இவர் எந்தக் குற்றமும் செய்ய வாய்ப்பில்லன்னு நம்பணும்.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு வந்த சந்தேகம் ரொம்ப எளிமையானது. குற்றவாளியா இல்லையான்னு கண்டுபிடிக்கத்தானே விசாரணையே நடக்குது? சாட்சி வரல, குறுக்கு விசாரணை நடக்கல, ஆய்வக அறிக்கையைக்கூட சில நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அந்தக் கட்டத்துல 'இவர் குற்றவாளி இல்ல'ன்னு ஒரு நீதிபதி எதை வச்சு நம்பறது? எங்க வேலையில சொல்லணும்னா, டெஸ்ட் ரன் பண்றதுக்கு முன்னாடியே ரிசல்ட் பாஸ்னு காட்டினாத்தான் டெஸ்ட் ரன் பண்ண விடுவேன்னு சொல்ற மாதிரி. ரெண்டாவது நிபந்தனை இதைவிட மோசம். எதிர்காலத்துல ஒருத்தர் எந்தக் குற்றமும் செய்ய மாட்டார்னு ஜோசியக்காரர்தான் சொல்லலாம். அவரும் பரிகாரம்னு ஒண்ணை எழுதிக் குடுத்துட்டுத்தான் சொல்வார்.

சாதாரண குற்ற வழக்குல இப்படி இல்ல. ஓடிப்போயிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, குற்றம் எவ்வளவு கடுமையானது, முகாந்திரம் இருக்கா, இதையெல்லாம் நீதிபதி எடைபோட்டுப் பார்ப்பார். 1977ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சொன்னதுதான் அடிப்படை: ஜாமீன் விதி, சிறை விலக்கு. கொலை வழக்குல மூணு மாசத்துல ஒருத்தர் வெளிய வர முடியுதுன்னா அது இந்தக் கணக்குலதான். 37 அந்த விதியை அப்படியே தலைகீழாப் புரட்டிடுது.

இந்த வரியை யார் எழுதினாங்க? 1985ல சட்டம் வந்தப்போ இது அதுல கிடையாது. அந்தச் சட்டமே அவசரமா வந்த சட்டம்தான். ஆகஸ்ட் மாசக் கடைசியில மசோதா தாக்கல், செப்டம்பர் 16ல ஜனாதிபதி ஒப்புதல், நவம்பர் 14ல அமல். 1857, 1878 ஓபியம் சட்டங்கள், 1930 அபாயகரமான மருந்துகள் சட்டம்னு பிரிட்டிஷ் காலத்துலயிருந்து ஓடிட்டு இருந்த மூணு சட்டத்தையும் தூக்கிட்டு, அந்த இடத்துல ஒரே சட்டம். ஐ.நா.வோட 1961 ஒப்பந்தம் மருத்துவம் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 வருஷ அவகாசம் தந்திருந்தது, அந்தக் கெடுவும் நெருங்கிட்டிருந்தது. அதுவரைக்கும் பல மாநிலங்கள்ல அரசு உரிமம் பெற்ற கடையிலயே கஞ்சா வித்துட்டிருந்தாங்க. கோயில் திருவிழா, சாமியார் மடம், பாங்கு லஸ்ஸி எல்லாம் சேர்ந்த ஒரு உலகம் அது. அதுக்கு மேல சிறைத் தண்டனைங்கிற கல்லைத் தூக்கி வச்சது இந்தச் சட்டம்.

சட்டம் வந்த மூணே வருஷத்துல அரசாங்கம் திருத்தத்தோட திரும்பி வந்தது. அந்தத் திருத்தத்தோட நோக்க உரையில சொன்ன காரணங்கள் ரெண்டு. இந்தியா வழியாப் போதைப்பொருள் கடந்து போகுது, அதுல கொஞ்சம் இங்கயே சிந்துது. பிடிபட்டவங்க தொழில்நுட்பக் காரணங்களைக் காட்டி ஜாமீன்ல வெளிய வந்துடறாங்க. ஒரு பக்கம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ஈரான். இன்னொரு பக்கம் பர்மா, லாவோஸ், தாய்லாந்து. நடுவுல நாம. பயம் பொய் இல்ல. அந்த வருஷங்கள்ல டெல்லி, பம்பாய் தெருக்கள்ல 'பிரவுன் ஷுகர்' உண்மையிலேயே பரவியிருந்தது. 1989 மே 29ல திருத்தம் அமலுக்கு வந்தது. இரண்டாம் முறை பிடிபட்டா சில வழக்குல கட்டாய மரண தண்டனை (பின்னாடி 2011ல பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் 'கட்டாய'த்தை உடைச்சது), தண்டனைக் குறைப்பே கிடையாது, கூடவே இந்தப் புது 37. அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள எல்லா என்டிபிஎஸ் குற்றத்துக்கும் அந்த ரெட்டைப் பூட்டு.

ஆனா 1989ல யாரும் உட்கார்ந்து புதுசா எழுதின வாக்கியம் இல்ல இது. நம்ம ஆளுங்க காப்பி பேஸ்ட் பண்ற மாதிரி எடுத்து ஒட்டினது. எங்கிருந்துன்னு பார்த்தா, ரெண்டு வருஷம் முன்னாடி வந்த தடா சட்டம், 1987, பிரிவு 20(8). அதே அமைப்பு, அதே ரெண்டு நிபந்தனை. நம்ம ஊர்ல தடான்னா ராஜீவ் கொலை வழக்குதான் ஞாபகம் வரும். தடா பயங்கரவாதத்துக்குன்னு, பஞ்சாப் எரிஞ்சிட்டு இருந்தப்போ போட்ட சட்டம்.

அதுக்கும் முன்னாடி போனா 1971. டிசம்பர் மாசம், பாகிஸ்தானோட போர். இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வருது, அதுக்குக் கீழ விதிகள் வருது. எமர்ஜென்சியில சட்டத்தோட பேருக்குள்ளயே 'உள்நாட்டுப் பாதுகாப்பு'ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்தாங்க. அதுல விதி 184: அரசுத் தரப்புக்கு எதிர்க்க வாய்ப்புத் தரணும், எதிர்த்தா, குற்றவாளி இல்லன்னு நம்ப நியாயமான காரணம் இருக்குன்னு நீதிமன்றம் திருப்தி அடையணும். முதல் பூட்டு அப்படியே இங்க இருக்கு. ரெண்டாவது பூட்டு, அந்த ஜோசியம், பின்னால தடாவுல சேர்ந்தது.

போர்க்கால விதின்னா உளவாளிக்கும் நாசவேலைக்காரனுக்கும்தான் போட்டிருப்பாங்கன்னு நினைப்போம். 1976ல உச்ச நீதிமன்றத்துக்கு இந்த விதி 184 பத்தி ஒரு வழக்கு போகுது. மத்தியப் பிரதேசத்துல உணவுப்பொருள் விநியோகத் திட்டத்தை மீறினதாச் சொல்லப்பட்ட வழக்கு! எதிரி நாட்டு ராணுவத்துக்குப் போட்ட பூட்டு, அஞ்சு வருஷத்துல மளிகைக் கடைப் பக்கம் வந்து நிக்குது. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப முக்கியமான இடம் இதுதான். அவசர காலத்துக்குன்னு எழுதின வரிக்கு, அவசரம் முடிஞ்சா தானா அழிஞ்சுபோற குணம் கிடையாது. எங்க ஆபீஸ்ல 'தற்காலிகமா' போட்ட ஒரு பேட்ச் எத்தனை வருஷம் புரொடக்‌ஷன்ல ஓடுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். எமர்ஜென்சி போச்சு, விதி 184 போச்சு. 1995ல தடாவும் காலாவதியாச்சு. ஆனா அந்த வரி மட்டும் என்டிபிஎஸ்ல உசிரோட இருக்கு. அங்கிருந்து 2002 பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கும் போச்சு. 2017ல உச்ச நீதிமன்றம் அங்க அதை ரத்து செஞ்சது, 2018ல நாடாளுமன்றம் திருத்தம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது, 2022ல உச்ச நீதிமன்றம் சரின்னு சொல்லிடுச்சு. அது தனி எபிசோட், இன்னைக்கு வேண்டாம்.

போதைச் சட்டத்துக்குத் திரும்புவோம். வக்கீல்கள் முதல்ல தேடின ஓட்டை உயர் நீதிமன்றம். 'அதுக்குன்னு தனி அதிகாரம் இருக்கே, அதுக்கு 37 பொருந்தாதே'ன்னு வாதம். 1991ல உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திடுச்சு. உயர் நீதிமன்றமா இருந்தாலும் 37 பொருந்தும். அதுக்கப்புறம் என்ன ஆகும்? உள்ள போனவங்க வெளிய வரல. வழக்கும் நகரல. சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்கணும்னு 1989 திருத்தமே சொல்லியிருந்தது. பல இடத்துல அமைக்கல, அமைச்ச இடத்துல நீதிபதி போதல. சிறை நிரம்புச்சு.

1994ல உச்ச நீதிமன்ற சட்ட உதவிக் குழுவே விசாரணைக் கைதிகள் சார்பா வழக்குப் போட்டது. அந்த வருஷம் அக்டோபர்ல வந்த தீர்ப்பு, சட்டத்தைத் தொடாம ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. குறைஞ்சபட்சம் பத்து வருஷத் தண்டனை உள்ள குற்றத்துல மாட்டினவர் அஞ்சு வருஷம் விசாரணைக் கைதியாவே உள்ள இருந்துட்டார்னா, 1 லட்ச ரூபாய் பிணைப் பத்திரம், ரெண்டு ஜாமீன்தாரர் வச்சு விடலாம். யோசிச்சுப் பாருங்க, குற்றம் நிரூபிக்கப்படாத ஒருத்தர் அஞ்சு வருஷம் உள்ள இருந்த பிறகு கிடைக்கிற சலுகை இது. அதுவும் அப்போ நிலுவையில இருந்த வழக்குகளுக்கான ஒரு முறை ஏற்பாடு. 1994ல 1 லட்ச ரூபாய்க்கு ஜாமீன்தாரர் புடிக்கறது எத்தனை பேரால முடிஞ்சிருக்கும்ங்கிறது வேற கேள்வி.

அடுத்த திருப்பம் 2001. அந்தத் திருத்தத்தோட நோக்க உரையில அரசாங்கமே ஒத்துக்கிட்டது: போதைக்கு அடிமையானவங்களையும் சின்னச் சின்ன ஆளுங்களையும் இந்தக் கடுமையான ஜாமீன் விதி இன்னும் வதைக்குது. அதனால தண்டனையை அளவுக்கு ஏத்த மாதிரி மூணு படியாப் பிரிச்சாங்க. சிறிய அளவு, வணிக அளவு, நடுவுல இடைப்பட்டது. 37ஓட ரெட்டைப் பூட்டு இனிமே வணிக அளவுக்கும், பணம் போட்டுக் கடத்தல் நடத்தறது மாதிரி சில குற்றத்துக்கும் மட்டும்தான். நல்ல திருத்தம், சந்தேகமே இல்ல. ஆனா இதுக்கப்புறம் ஒரு மனுஷனோட சுதந்திரத்தை முடிவு பண்ற இடம் நீதிமன்றத்துல இருந்து தராசுக்கு நகர்ந்திடுச்சு.

எண்களைக் கேளுங்க. கஞ்சா: சிறிய அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ. ஹெராயின்: 5 கிராம், 250 கிராம். சரஸ்: 100 கிராம், 1 கிலோ. கோகெய்ன்: 2 கிராம், 100 கிராம். எல்எஸ்டி வணிக அளவு 0.1 கிராம். அதை ஊறவச்ச காகிதத் துண்டோட எடையையும் சேர்க்கணுமான்னு உயர் நீதிமன்றங்கள்ல வாதமே நடந்திருக்கு. காகிதத்தோட எடை!

சட்டத்துல 'குறிப்பிட்ட அளவைவிட அதிகம்' இருந்தாதான் வணிக அளவு. அதாவது சரியா 20 கிலோன்னா வணிக அளவு இல்ல. கோட் எழுதறவங்களுக்கு இது பழகின சண்டை: 'அதிகமா' இல்ல 'அதிகம் அல்லது சமமா'. எங்களுக்கு ஒரு பக் வரும், அவ்வளவுதான். இங்க ஒரு உதாரணத்துக்கு, ஆந்திராப் பக்கத்திலயிருந்து வர்ற ஒரு லாரியோட கிளீனர்னு வச்சுக்குவோம், வயசு 22. மூட்டையில 19 கிலோ 900 கிராம். இடைப்பட்ட அளவு, அதிகபட்சம் 10 வருஷம், சாதாரண ஜாமீன் கணக்கு. கையில மருந்து இல்ல, ஓனர் யார்னு தெரியாது, முதல் வழக்குன்னு வாதாடி சில மாசத்துல வெளிய வரலாம். அதே மூட்டை 20 கிலோ 100 கிராம். தண்டனை 10லயிருந்து 20 வருஷம், ரெட்டைப் பூட்டு, 180 நாள் வரை குற்றப்பத்திரிகைக்கு அவகாசம், அதையும் 1 வருஷம் வரை நீட்டிக்கலாம். வித்தியாசம் ஒரு டம்ளர் அரிசி எடை.

அதனாலதான் இன்னைக்கு ஜாமீன் விசாரணையில பாதி நேரம் எடையைச் சுத்தியே போகுது. கஞ்சான்னா சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாம தனியா இருக்கிற இலையும் விதையும் கஞ்சா இல்ல. (பாங்கு தப்பிச்சதே இந்த வரையறையாலதான்.) ஆனா போலீஸ் எடைபோடறது மூட்டையை. அதுல தண்டு, இலை, விதை, ஈரம், சில நேரம் சாக்கு வரைக்கும் சேர்ந்திருக்கும். '22 கிலோங்கறாங்க, பிரிச்சு எடுத்தா எவ்வளவு?'ன்னு வக்கீல் கேட்பார். இதை ஒரு சாக்குப்போக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நான் அப்படி நினைக்கல. அந்த ரெண்டு கிலோதான் பத்து வருஷம்.

தராசுச் சண்டையோட உச்சம் ஹெராயின்ல நடந்தது. மைக்கேல் ராஜ் வழக்கு, 2008. பிடிபட்டது 4 கிலோவுக்குச் சொச்சம் அதிகம். ஆய்வகத்துல பார்த்தா தூய்மை 1.4 சதவீதம், 1.6 சதவீதம். மீதியெல்லாம் கலப்படம். உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டுச்சு: உண்மையான ஹெராயின் சுமார் 60 கிராம். 250ஐத் தாண்டல, அதனால வணிக அளவு இல்ல. கலந்திருக்கிற மாவுக்கு எதுக்குத் தண்டனைன்னு கேட்ட மாதிரி. அரசாங்கம் விடல. 2009 நவம்பர்ல ஒரு அறிவிக்கை போட்டு, மொத்தக் கலவையோட எடைதான் கணக்குன்னு சொல்லிடுச்சு. 2020 ஏப்ரல்ல ஹீரா சிங் வழக்குல மூணு நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செஞ்சு, மைக்கேல் ராஜ் தீர்ப்பு தப்புன்னு சொன்னது. அவங்க சொன்ன காரணத்துல நியாயம் இருக்கு: தெருவுல யாரும் சுத்த ஹெராயின் விக்கறதில்ல, கலந்ததுதான் ஆளைக் கொல்லுது. ஆனா விளைவு என்னன்னா, அதிகமாக் கலப்படம் பண்ணி விக்கிற கீழ்மட்ட ஆள் சுலபமா வணிக அளவைத் தொட்டுடறான். சுத்தமான சரக்கை 200 கிராம் வச்சிருக்கிற மேல்மட்ட ஆள் தொடல.

அதே 2020ல, அக்டோபர் 29, நம்ம தமிழ்நாட்டிலயிருந்து போன ஒரு மேல்முறையீடு நாடு முழுக்க ஜாமீன் விசாரணையை மாத்திடுச்சு. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. அதுவரைக்கும் போதைப்பொருள் அதிகாரிகள் பிரிவு 67க்குக் கீழ வாங்கின வாக்குமூலத்தை வச்சே ஆளைத் தண்டிக்க முடிஞ்சது. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதுங்கிறது பழைய சட்டம். ஆனா 'நாங்க போலீஸ் இல்ல'ன்னு அந்த அதிகாரிகள் சொல்லிட்டிருந்தாங்க. நீதிபதி நாரிமன் தலைமையில ரெண்டுக்கு ஒண்ணு கணக்குல தீர்ப்பு வந்தது: நீங்களும் போலீஸ் மாதிரிதான், அந்த வாக்குமூலம் ஆதாரம் ஆகாது. இதோட அர்த்தம் என்னன்னா, 'கூட மாட்டினவன் உன் பேரைச் சொன்னான்'ங்கிறதை மட்டும் வச்சு உள்ள இருந்தவங்களுக்கு, 37ஓட முதல் பூட்டைத் திறக்க ஒரு சாவி கிடைச்சது. அந்த வாக்குமூலத்தைத் தூக்கிட்டா கையில என்ன ஆதாரம் இருக்குன்னு நீதிபதி கேட்கலாம்.

ஆனா மூட்டை கையிலயே பிடிபட்டு, எடையும் தாண்டினவங்களுக்கு? அவங்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வாதம் காலண்டர்.

2004ல உச்ச நீதிமன்றம் அந்த 'நியாயமான காரணம்'ங்கிற வார்த்தைக்கு ஒரு விளக்கம் குடுத்திருந்தது. வெறும் முகாந்திரம் போதாது, அதைவிட வலுவா, இவர் குற்றவாளி இல்லன்னு காட்டற காரணம் வேணும். அதைப் புடிச்சுக்கிட்டே கீழ்க் கோர்ட்டுகள் வருஷக்கணக்கா மறுத்தாங்க. 2022 ஜூலையில ஒரு விசித்திரம். 11ஆம் தேதி, நம்ம ஈரோட்டுப் பக்கத்துலயிருந்து போன நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் எழுதின தீர்ப்பு: சிறப்புச் சட்டமா இருந்தாலும் விசாரணை இழுத்தா ஜாமீன் பத்தி யோசிக்கணும், பாதித் தண்டனைக் காலம் கழிஞ்சா விடணும்ங்கிற விதி இங்கயும் பொருந்தும். எட்டு நாள் கழிச்சு, 19ஆம் தேதி, அதே உச்ச நீதிமன்றத்துல வேற ஒரு அமர்வு என்டிபிஎஸ் வழக்கு ஒண்ணுல ஜாமீனை ரத்து பண்ணுது: எவ்வளவு நாள் உள்ள இருந்தார்ங்கிறது மட்டும் 37ஐத் தாண்டறதுக்குக் காரணம் ஆகாது. ஒரே கட்டடம், ஒரே மாசம். கீழ்க் கோர்ட் நீதிபதி எதைப் பின்பற்றறது?

அந்தப் 'பாதித் தண்டனை' விதியையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதிகபட்சத் தண்டனையில பாதி. வணிக அளவுக்கு அதிகபட்சம் 20. பாதி, 10 வருஷம். அதாவது குறைந்தபட்சத் தண்டனையை முழுசா அனுபவிச்ச பிறகு, விசாரணைக்கு முன் ஜாமீன்! 2024 ஜூலையில வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல முதல் முறை மாட்டினவங்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு குறைச்சிருக்காங்க. 6 வருஷம் 8 மாசம். நம்ம கிளீனருக்கு அப்போ வயசு 28க்கு மேல.

2023 மார்ச் 28ல வந்த தீர்ப்பு இந்த முடிச்சுல கொஞ்சம் கை வச்சது. டெல்லி வழக்கு, கஞ்சா. கைதாகும்போது அந்த ஆளுக்கு வயசு 23. அவர் கையில இருந்து எதுவும் எடுக்கல. மத்தவங்ககிட்ட பிடிபட்டது, இவர் பேர் வந்தது. 7 வருஷத்துக்கு மேல உள்ள இருக்கார். இன்னும் 30க்கு மேல சாட்சிகளை விசாரிக்கணும். நீதிபதி ரவீந்திர பட் எழுதினது இதுதான்: 37ஐ எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிட்டா யாருக்குமே ஜாமீன் தர முடியாது, அப்போ அது விசாரணைக்கு முன்னாடியே குடுக்கிற தண்டனை ஆயிடும். அதனால கையில இருக்கிற ஆவணங்களை மேலோட்டமாப் பார்த்து, இவர் குற்றவாளியா இல்லாம இருக்கலாம்னு தோணினா போதும். விசாரணை அளவுக்கு மீறி இழுத்தா அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவு வந்து நிக்கும். ஜெயிலுக்குள்ள வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு வேலை போறதும், குடும்பம் சிதறுறதும் அந்தத் தீர்ப்புல இருக்கு. சட்டம் படிக்காத ஒருத்தர் படிச்சாலும் புரியும், தேடிப் படிச்சுப் பாருங்க.

சிலர் இதைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யறதுன்னு திட்டறாங்க. பெரிய கடத்தல்காரன் இதே தீர்ப்பைக் காட்டி வெளிய வந்து காணாமப் போவான்னு பயம். அந்தப் பயத்தை நான் ஒதுக்கல; சில பேர் அப்படிப் போயிருக்காங்க. ஆனா பெரிய கடத்தல்காரன் 20 கிலோ மூட்டையோட பஸ்ல உட்கார்ந்திருக்க மாட்டான். பஸ்ல உட்கார்ந்திருக்கிறவன் கூலிக்குத் தூக்கறவன். 37 பெரும்பாலும் பூட்டறது அவனைத்தான். அதுவும் அவனோட குற்றத்தை யாரும் நிரூபிச்சதால இல்ல. நீதிமன்றத்துக்கு நேரம் கிடைக்கல, அதனால.

நேயரே, உங்க ஏரியாப் பையன் விஷயத்துக்கு வர்றேன். வக்கீலைப் பார்க்கும்போது நாலு கேள்வி கேளுங்க. பிடிபட்ட எடை எவ்வளவு, அதுல என்னென்ன சேர்த்து எடைபோட்டாங்க? மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னாடி எடுத்தாங்களா? (அப்படித்தான் எடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2016ல சொல்லியிருக்கு.) அவன் கையில இருந்து எடுத்ததா, இல்ல யாரோ பேர் சொன்னதா? குற்றப்பத்திரிகை 180 நாளைக்குள்ள வந்துச்சா? வரலன்னா, அவகாசத்தை நீட்டிக்க உத்தரவும் வாங்கலன்னா, 37 குறுக்க வராது. உச்ச நீதிமன்றம் அதை 1995லயே சொல்லிடுச்சு. ஆனா குற்றப்பத்திரிகை தாக்கலாகறதுக்கு முன்னாடியே மனு போட்டிருக்கணும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அந்த உரிமை போயிடும்.

அடுத்த எபிசோட்ல இதே வரி பணமோசடிச் சட்டத்துக்குள்ள போய் என்ன பண்ணுச்சுன்னு பார்க்கலாம். நான் சொன்னதுல எங்கயாவது மாற்றுக் கருத்து இருக்கிற வக்கீல் நண்பர்கள் எழுதுங்க, அதையும் சேர்த்துப் பேசறேன்.